சிலந்தி மறைத்த அரசன்

ராபர்ட் புரூஸ் என்றாலே பள்ளிக்கூடத்தில் கேட்ட சிலந்திக் கதைதான் பலருக்கும் ஞாபகம் வரும். ஆனா 1375 வாக்கில் ஜான் பார்பர் அவரைப் பற்றி எழுதிய நெடுங்கவிதையில் சிலந்தியே கிடையாது. அதைப் பிரபலமாக்கியவர் 19ஆம் நூற்றாண்டு நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்.

பார்பரும் லேசுப்பட்டவர் இல்லை. தாத்தா புரூஸையும் பேரன் புரூஸையும் ஒரே ஆளாக்கிவிட்டார். பேரன் 1302இல் இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டிடம் பணிந்துபோனது அதில் அமுங்கிப்போச்சு. ஆனால் கொலையை அவர் மறைக்கவில்லை. 1306 பிப்ரவரியில், டம்ஃப்ரீஸ் தேவாலயத்தில், அரியணைப் போட்டியாளர் ஜான் காமினை புரூஸும் அவருடைய ஆட்களும் கொன்றார்கள். மார்ச்சில் முடிசூட்டு. 1314இல் பானக்பர்ன் வெற்றி.

விடாமுயற்சிக்குச் சிலந்தி போதும். ஸ்காட்லாந்தின் விடுதலை எங்கிருந்து தொடங்கியது என்று புரிய, ரத்தம் சிந்திய அந்தத் தேவாலயத்துக்குத்தான் போகணும்.