ஒரு பயணி கண்ட முதலை

முதலைக்கு நாக்கு கிடையாது. அது மேல்தாடையை அசைத்தே இரையைக் கடிக்கும். நீருக்குள் அதற்குக் கண் தெரியாது. அதன் வாயிலுள்ள அட்டைகளை ஒரு சிறு பறவை உள்ளே புகுந்து கொத்தித் தின்னும். இவையெல்லாம் கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் எகிப்துக்குச் சென்றுவந்த கிரேக்கப் பயணி ஹெரோடோட்டஸ் எழுதிவைத்த செய்திகள். அவரை ‘வரலாற்றின் தந்தை’ எனப் போற்றுவோர் உண்டு. ‘பொய்களின் தந்தை’ என ஏளனம் செய்தவர்களும் உண்டு. நைல் நதி முதலையைப் பற்றி அவர் கூறியவற்றுள் எவை மெய், எவை பிழை? ஒவ்வொன்றாகக் காண்போம்.

தோற்றமும் உண்மையும்

நம்மைப் போலவே முதலைக்கும் அசைவது கீழ்த்தாடைதான். ஆனால், கரையில் படுத்திருக்கும் முதலையின் கீழ்த்தாடை தரையில் படிந்திருக்கும். அந்நிலையில் வாயைத் திறக்கத் தலையே மேலே எழ வேண்டும். பார்ப்பவருக்கு மேல்தாடை மட்டும் அசைவதாகத் தோன்றும். ஓடும் இரயிலில் அமர்ந்திருப்பவருக்கு வெளியே மரங்கள் ஓடுவதாகத் தோன்றுவதில்லையா, அதுபோலத்தான்! அறிஞர் அரிஸ்டாட்டிலும் பின்னாளில் இதையே எழுதினார்.

நாக்கும் முதலைக்கு உண்டு. அது வாயின் அடித்தளத்தோடு ஒட்டியிருப்பதால் வெளியே நீட்ட முடியாது. தொலைவில் நின்று பார்ப்பவர் கண்ணில் அது எப்படிப் படும்?

பௌதிகம் தரும் சான்று

முதலை பகலில் கரையிலும் இரவில் நீரிலும் தங்கும் என்றும், இரவில் காற்றைவிட நீர் வெதுவெதுப்பாக இருப்பதே காரணம் என்றும் ஹெரோடோட்டஸ் எழுதினார். இது முற்றிலும் பொருந்தும். நீரின் தன்வெப்பம் மிகுதி. ஆகவே பகலில் பெற்ற வெப்பத்தை அது மெதுவாகவே இழக்கும். தன் உடல் வெப்பத்திற்குச் சுற்றுப்புறத்தை நம்பியிருக்கும் முதலைக்கு இரவில் ஆறுதான் போர்வை.

நீருக்குள் கண் தெரியாது என்பதும் வெறுங்கதையன்று. காற்றில் இருக்கும்போது ஒளியை வளைத்துக் குவிப்பதில் பெரும்பங்கு கண்ணின் முன்புறப் படலமான கார்னியாவினுடையது. அதன் ஒளிவிலகல் எண் நீரின் ஒளிவிலகல் எண்ணுக்கு மிக நெருக்கமானது. எனவே நீருக்குள் அப்படலம் ஏறக்குறையச் செயலிழந்துவிடும். முதலையின் கண்கள் நீரடியில் தெளிவான பிம்பத்தைக் குவிப்பதில்லை என்பதை 1988-இல் வெளியான ஆய்வு காட்டியது. குருடில்லை, ஆனால் பார்வை மங்கல்.

முதலை 17 முழத்துக்கும் மேல் வளரும் என்றார் அவர். அது ஏழரை மீட்டரைத் தாண்டும்! இன்றைய நைல் முதலை ஆறு மீட்டரை எட்டுவதே அரிது. வாயில் அட்டைகள் இருப்பது உண்மை. ஆனால் அவற்றைப் பொறுக்கும் பறவைக்கு இன்றுவரை ஐயமற்ற சான்று கிட்டவில்லை.

கோயில் முதலை

தீப்ஸ் நகரத்தாரும் மோரிஸ் ஏரிக்கரை மக்களும் ஒரு முதலையைப் பழக்கி, காதணியும் காப்பும் பூட்டி வளர்ப்பர் என்றும், அது இறந்தால் பதனிட்டு அடக்கம் செய்வர் என்றும் ஹெரோடோட்டஸ் குறித்துள்ளார். ஆளை விழுங்கும் நைல் முதலைக்கு நகை பூட்ட இயலுமா?

நெப்போலியன் 1798-இல் எகிப்தின்மீது படையெடுத்தபோது உடன்சென்ற விலங்கியலறிஞர் ஜெஃப்ராய் செயின்ட் ஹிலேர், பதனிட்ட முதலைகளை ஆராய்ந்தார். அவை வேறோர் இனம் என்று 1807-இல் அறிவித்து ‘சூக்கஸ்’ எனப் பெயரிட்டார். பிற அறிஞர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. இரண்டு நூற்றாண்டுகள் உருண்டோடின. 2011-இல் ஈவான் ஹெகாலா குழுவினர், பழைய மம்மிகளிலும் இன்றைய முதலைகளிலும் டி.என்.ஏ.வை ஒப்பிட்டனர். மம்மிகள் சூக்கஸ் இனத்தவையே! நைல் முதலைக்குச் சூக்கஸைவிட அமெரிக்கக் கண்டத்து முதலைகளே நெருங்கிய உறவு என்பதும் தெரியவந்தது. சூக்கஸ் ஒப்புநோக்கச் சாதுவானது என்று கருதப்படுகிறது. நகை பூட்டிய கதைக்கு இது பொருந்துகிறதல்லவா?

இது வெறும் பெயர்ச் சண்டையன்று. இரண்டு இனங்களையும் ‘நைல் முதலை’ என்றே எண்ணிவந்ததால், ஒன்று குறைந்துவந்தது கணக்கில் தெரியாமலே போயிற்று. எகிப்தின் நைல் நதியில் இன்று சூக்கஸ் இல்லை. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில்தான் எஞ்சியுள்ளது.

பயணியின் சொல்லை அப்படியே நம்புவது அறிவியலாகாது. சோதித்துப் பாராமல் ஒதுக்குவதும் அறிவியலாகாது. பின்னதற்குக் கொடுத்த விலை இரண்டு நூற்றாண்டுகள்.