கேமரன் மலை: பார்க்க வருவோரும் பாடுபட்டோரும்



பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் வாகனங்கள் வரிசைபிடித்து நிற்கின்றன. தமிழகத்திலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் உறவினர் வந்தாலும் அவர்களை நாம் அங்கேதான் அழைத்துச் செல்கிறோம். தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டு திரும்புகிறோம். அந்தச் செடிகளை நட்டவர் யார் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா?

ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885-ஆம் ஆண்டில் இம்மலைப் பகுதிக்கு வந்தார். ‘கேமரன் கண்டுபிடித்தார்’ என்று மாணவர்கள் எழுதினால் அந்தச் சொல்லை நான் ஏற்பதில்லை. அவர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே செமாய் பூர்வகுடியினர் இங்கு வாழ்ந்து வந்தனர். மனிதர் வாழும் இடத்திற்கு வந்து சேர்ந்தவர் எவராயினும் அவர் விருந்தினரே.

1925-இல் சர் ஜார்ஜ் மெக்ஸ்வெல் இங்கு வந்து பார்த்த பிறகே, வெப்பத்திலிருந்து வெள்ளை அதிகாரிகள் தப்பி ஓய்வெடுக்க ஏற்ற மலைவாசத் தலமாக இதனை வளர்க்கும் திட்டம் உருவானது. தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை வளைந்து வளைந்து ஏறும் சாலை 1931-இல் முடிந்தது. இதற்கிடையே 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அவருக்குத் துணைநின்ற ஏ. பி. மில்ன் இலங்கையில் தேயிலைத் தொழிலில் பழகியவர். செங்குத்தான சரிவுகளில் காட்டை வெட்டித் திருத்தியதும் நாற்று நட்டதும் பெரும்பாலும் மனிதக் கைகளே. அவற்றுள் மிகுதியானவை தமிழர் கைகள்.

உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை வீழ்ந்த காலமும் அதுவே. சமவெளித் தோட்டங்களில் வேலையிழந்த நம்மவர் ஆயிரக்கணக்கில் தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அதே ஆண்டுகளில் இம்மலையில் வேறு தமிழர்கள் குளிரில் நடுங்கியபடி தேயிலை நட்டுக்கொண்டிருந்தனர். பின்னர் லயங்கள் எழுந்தன. கோயில்களும் தமிழ்ப்பள்ளிகளும் எழுந்தன.

1967-ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று தானா ராத்தாவில் விருந்தினராகத் தங்கியிருந்த அமெரிக்கப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் காணாமற்போனார். போலீசாரும் படையினரும் பூர்வகுடியினரும் காட்டைச் சல்லடை போட்டுத் தேடியும் அவர் கிடைக்கவில்லை. அவருடைய பெயரை இன்றும் சுற்றுலா வழிகாட்டிகள் சொல்லக் கேட்கலாம். தேயிலை நட்ட ஒரு தொழிலாளியின் பெயரையாவது எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் நான் கண்டதில்லை.

தேயிலை இயல்பில் மரமாக வளரக்கூடியது. அதனைக் கவாத்து செய்து இடுப்பளவில் நிறுத்தி, மேற்பரப்பைச் சமமாக வைத்திருப்பது பல ஆண்டு உழைப்பு. நாம் படத்திற்காகச் செடிக்குள் புகுந்து கிளையை ஒடித்தால் அவ்விடத்தில் கொழுந்து குறைகிறது. வரிசைகளுக்கு இடையேயுள்ள ஒற்றையடிப் பாதை தொழிலாளர் நடப்பதற்கானது. மழைக்காலத்தில் பலர் மிதித்தால் சரிவின் மண் கரைகிறது. பறித்த கொழுந்து வீணாகாமல் விரைவில் ஆலைக்குச் சேர வேண்டும். சுங்கை பாலாஸ் செல்லும் குறுகிய சாலையில் நினைத்த இடத்தில் காரை நிறுத்துவோர், கொழுந்து லாரியும் அவ்வழியே வரும் என்பதை எண்ணுவதில்லை. லயத்து வாசலில் உலரும் துணியையும் விளையாடும் குழந்தையையும் படம் பிடிப்போரும் உண்டு. நம் வீட்டு வாசலில் அந்நியர் அவ்வாறு செய்தால் பொறுப்போமா?

இன்று தோட்டங்களில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்களே மிகுதியாக வேலை செய்கின்றனர். சமமான இடங்களில் இயந்திரமும் கத்தரியும் கையின் இடத்தைப் பிடித்துவிட்டன. நம் பாட்டன்மார் நின்ற இடத்தில் வேறு நாட்டுப் பிள்ளைகள் நிற்கின்றனர். அவர்களைக் காட்டி ‘பங்களா’ என்று நம் குழந்தைகள் சிரிக்கக் கேட்கும்போது எனக்கு வருத்தமாயிருக்கிறது. நம்மவரையும் ஒரு காலத்தில் ‘கூலி’ என்று அழைத்தார்கள்.

விடுமுறைக்கு இலங்கையின் நுவரெலியாவுக்குச் செல்லும் மலேசியத் தமிழர்களுக்கும் இது பொருந்தும். 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் கண்டிப் பக்கத்தில் தேயிலைப் பயிரைத் தொடங்கியதன் தொடர்ச்சியே அம்மலையகம். அங்குள்ள தோட்டத் தமிழரில் பெரும்பாலோர் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து, பல்லாண்டுகள் நாடற்றவராய் வாழ்ந்தனர். கொழுந்து பறிக்கும் பெண்ணின் கூடையை வாங்கி மாட்டிக்கொண்டு படமெடுத்து, கையில் சில ரூபாயைத் திணித்துவிட்டு நகர்வதைவிட, ‘உங்கள் ஊர் எது, பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்?’ என்று தமிழிலேயே இரண்டு வார்த்தை பேசலாம். அவரிடமும் நம்மைக் கேட்பதற்குக் கேள்விகள் இருக்கும்.

கல்விச் சுற்றுலா ஏற்பாடு செய்யும் ஆசிரியர்கள் தாப்பாவிலேயே பேருந்தை நிறுத்தி இச்சாலையின் கதையைச் சொல்லிவிட்டு மலையேறலாம். ‘போலே அம்பில் கம்பார்?’ எனும் மூன்று மலாய்ச் சொற்கள் நம் மாணவர்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதாம். படம் எடுப்பதற்கு முன் அதைக் கேட்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்று கையசைத்தால் கேமராவைத் தாழ்த்தச் சொல்லுங்கள்.