ஒளிச் சிதறலிலிருந்து கிராஃபைட் துளைக்கு: கே. எஸ். கிருஷ்ணனின் தில்லி ஆண்டுகள்

கே. எஸ். கிருஷ்ணன் என்றதும் 1928 பிப்ரவரி 28 நினைவுக்கு வருகிறது. ராமனோடு அவர் பணியாற்றி ராமன் விளைவைக் கண்ட அந்த நாளின் வெளிச்சத்தில் பின்னாளைய ஆய்வுகள் மங்கிப்போகின்றன. வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த அவர், 1947 முதல் 1961இல் மறையும்வரை தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் இயக்குநர். அங்கே அவர் மேற்கொண்ட வெப்ப அயனி உமிழ்வு ஆய்வைப் பார்த்து, ஒளியை விட்டு அவர் விலகிவிட்டதாக எண்ணத் தோன்றும். அது சரியல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1930களின் நடுவில் கூழ்மங்களில் ஒளி சிதறுவதை ஆராய்ந்தவர் பெயரொத்த வேறொருவர், ஆர். எஸ். கிருஷ்ணன்; ஆனால் அவருடைய முறை இங்கே ஒப்பிடத் தக்கது. இருட்டறையில் ஒரு கண்ணாடிக் கலத்தினூடே ஒளிக்கற்றை கிடையாகச் செல்கிறது. அதற்குச் செங்குத்தாக, பக்கவாட்டிலிருந்து பார்க்கிறோம். புகும் ஒளி கிடைத்தளத்தில் அதிர்ந்தால், அதிர்வு நம் பார்வைக் கோட்டின் வழியே அமைந்துவிடும். அலைநீளத்தைவிட மிகச் சிறிய உருண்டைத் துகளிலிருந்து அப்போது நமக்கு ஒளியே வராது. துகளின் பண்பு திசைக்குத் திசை வேறுபட்டால் மெல்லிய ஒளி கசியும். அதில் நிலைக்குத்துக் கூறும் கிடைக் கூறும் சமம், விகிதம் 1. துகள் அலைநீளத்தை எட்டுமளவு பருத்ததும் இந்தச் சமன் குலைகிறது. அதன் வெவ்வேறு பகுதிகளிலிருந்து புறப்படும் அலைகள் கட்டம் பிசகிச் சேர்கின்றன. கிடைக் கூறு மேலோங்க, விகிதம் 1க்குக் கீழே இறங்குகிறது. ஆர். எஸ். கிருஷ்ணனின் பெயர் தாங்கிய கிருஷ்ணன் விளைவு என்பது இதுதான். கலத்தில் எத்தனை துகள், விளக்கு எவ்வளவு பிரகாசம் என்பவையெல்லாம் வகுத்தலில் அடிபட்டுப்போக, துகளின் பருமன் பற்றிய செய்தி மட்டும் எஞ்சுகிறது.

தில்லியில் கே. எஸ். கிருஷ்ணன் செய்த சோதனையிலும் அதே உத்திதான். சூடான பரப்பிலிருந்து எலக்ட்ரான்கள் வெளிவருவதை அளப்பவருக்குப் பரப்பே இடைஞ்சல்: எத்தனை எலக்ட்ரான்களை அது திருப்பி அனுப்புகிறது என்பது தெரியாது. கிருஷ்ணனும் எஸ். சி. ஜெயினும் கிராஃபைட் போன்ற பொருளில் மூடிய அறை ஒன்றைச் சமைத்து, சூடாக்கி, ஒரு சிறு துளை வழியே கசிவதை அளந்தார்கள். அறைக்குள் எலக்ட்ரான்கள் வாயுபோல் நிறைந்து சுவரோடு வெப்பச் சமநிலையில் நிற்கின்றன. திருப்பி அனுப்பும் சுவர் அதே அளவுக்குக் குறைவாக உமிழும்; வாயுவின் அடர்த்தி மாறாது. தெரியாத காரணி இங்கேயும் அடிபட்டுப்போகிறது.

இந்த அறை ஒளியியலுக்குப் புதிதன்று. 1900இல் பிளாங்க் விளக்கிய கரும்பொருள் கதிர்வீச்சு இத்தகைய துளையில் வருவதே. அந்த ஒளியைத் துகள்களின் வாயுவாகக் கொண்டு பிளாங்கின் விதியைச் சத்யேந்திரநாத் போஸ் 1924இல் டாக்காவிலிருந்து வருவித்தார். 1928 இறுதியில் டாக்காவில் போஸ் இருந்த அதே துறைக்குச் சென்ற கிருஷ்ணன் 1933 வரை அங்கே இருந்தார். தில்லிச் சோதனையின் வேர் அங்கே இருக்கிறது என்பது என் அனுமானம்.

ஒப்புமைக்கு எல்லையும் உண்டு. ஃபோட்டான்களைச் சுவர் வேண்டியமட்டும் ஆக்கும், அழிக்கும். ஆகவே துளையில் வரும் ஒளிக்கு வெப்பநிலை மட்டுமே கணக்கு, சுவர் கிராஃபைட்டா டங்ஸ்டனா என்பது பொருட்டல்ல. எலக்ட்ரானை அப்படி ஆக்க முடியாது. சுவருக்குள் இருப்பதை வெளியே எடுக்க வேண்டும். அதற்கு ஆகும் ஆற்றல் பொருளுக்குப் பொருள் மாறும். ஒளி மறைத்துவிடும் அந்த வெளியேற்று ஆற்றலைத்தான் துளையில் கசியும் எலக்ட்ரான்களைக் கொண்டு கிருஷ்ணன் அளந்தார்.