தாது வருஷமும் நம் தொப்பையும்

"அப்பன் உடம்பு வாகு அப்படியே வந்திருக்கு" என்று கல்யாண வீடுகளில் பெரியவர்கள் சொல்வதுண்டு. அதில் உண்மை இருக்கிறது. தத்துப் பிள்ளைகளாக வளர்ந்து பெரியவர்களான 540 பேரை டென்மார்க்கில் ஆராய்ந்து 1986இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களுடைய உடல்வாகு பெற்றவர்களோடு ஒத்துப்போனது, வளர்த்தவர்களோடு ஒத்துப்போகவில்லை.

ஆனால் ரத்தம் மட்டுமே காரணமில்லை. தாயின் பசியும் பிள்ளைக்கு இறங்குகிறது. அந்தப் பசிக்கு நம் பக்கத்தில் பழைய சரித்திரம் உண்டு.

திண்டுக்கல்லுக்கு ரயில் வந்தது 1875இல். அடுத்த வருஷமே மழை பொய்த்தது. நம் பாட்டிமார் சொன்ன தாது வருஷப் பஞ்சம் அதுதான். அப்போது நாம் மதுரை ஜில்லா. மதுரை ஜில்லாவும் தப்பவில்லை. நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று 1877இல் சர் ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், உழைக்கிற உடம்புக்கு இது பற்றாது என்று வாதாடினார். சில மாதங்களில் கூலி உயர்ந்தது. அதற்குள் போன உயிர்கள் ஏராளம்.

பஞ்சம் போனபின்னும் ஏழை வீடுகளில் அரைவயிற்றுக் கஞ்சிதான். மெலிந்த தாய்க்கு எடை குறைந்த பிள்ளை பிறந்தது. மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் ஆஸ்பத்திரியில் 1934 முதல் குழந்தைகளின் பிறப்பு எடையைக் குறித்து வைத்திருந்தார்கள். அங்கே பிறந்தவர்களைப் பின்னாளில் தேடிப்பிடித்துப் பரிசோதித்தபோது, எடை குறைவாகப் பிறந்தவர்களிடம் இருதய நோய் அதிகம் காணப்பட்டது. புனே பக்கத்துக் கிராமங்களில் டாக்டர் யாக்னிக் குழுவினர் பார்த்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குச் சதை குறைந்த அளவுக்குக் கொழுப்பு குறையவில்லை.

இப்படிப் பிறந்த உடம்புக்குத்தான் இன்று மூன்று வேளையும் அரிசிச் சோறு, ராத்திரி பரோட்டா, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. கம்பும் சாமையும் அடுப்படியை விட்டுப் போயின, காட்டுவேலையும் போயிற்று. ஒல்லியான ஆளுக்கும் சர்க்கரை வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே எடையை மட்டும் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். இடுப்பையும் அளந்து பாருங்கள். நம்மவர்களில் ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 தாண்டினால் டாக்டரைப் பார்ப்பது நல்லது. வளர்ந்த பிள்ளையைக் "குண்டு" என்று கேலி செய்வதில் பயனில்லை. பாதி நாம் கொடுத்ததுதான். வீட்டில் மகளோ மருமகளோ முழுகாமல் இருந்தால், அவள் வயிறாரச் சத்துள்ளதாகச் சாப்பிட்டாளா என்று கேளுங்கள். பேரப்பிள்ளைக்கு நாம் செய்யக்கூடியது அங்கேயே தொடங்குகிறது.