எழுத்து யாருக்குச் சொந்தம்?

யாழ்ப்பாண நகரிலிருந்து கண்டி வீதி வழியே கிழக்கு நோக்கிச் செல்வோர் சுண்டிக்குளியைக் கடந்ததும் அரியாலையை அடைவர். தெற்கே கடல்நீரேரி, இடையிடையே பனந்தோப்பும் வயலும், வாசிகசாலையும் கோயிலும் பள்ளிக்கூடமும் சூழ்ந்த பழைய ஊர். இவ்வூரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டிலே அண்மையில் ஒரு பழைய கணினியைப் பார்க்க நேர்ந்தது. துணி போர்த்தி, பூசைப் பொருளைப் போல அதனைக் காத்து வைத்திருந்தார் அவர்.

“தம்பி, இதுக்குள்ளை என்ரை பத்து வருஷத்து எழுத்துக் கிடக்கு. ஊரைப் பற்றி, பள்ளிக்கூடங்களைப் பற்றி, இடம்பெயர்ந்து போன சனத்தைப் பற்றி எழுதினது. இப்ப திறந்தால் ஒண்டும் விளங்குதில்லை. ஒருக்கால் பாருங்கோ” என்றார்.

அக்கணினியில் இயங்கிக் கொண்டிருந்தது விண்டோஸ் 98 என்னும் பணிசெயல் முறைமை. மைக்ரோசொப்ட் நிறுவனம் 1998 யூன் மாதத்தில் விற்பனைக்கு விட்ட இம்முறைமைக்கான ஆதரவை அந்நிறுவனமே 2006 யூலையில் நிறுத்திக் கொண்டது. நிறுவனத்தின் கணக்கில் அது மாண்டுபோன பொருள். ஆனால் அரியாலை ஆசிரியரின் பத்தாண்டு உழைப்பு அதற்குள்ளேதான் உயிரோடு இருந்தது. இந்த முரண்பாட்டின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பொறியின் நோயைச் சொல்லிவிடுகிறேன். மின்னைக் கொடுத்ததும் கரிய திரையில் ஓர் எச்சரிக்கை தோன்றி அப்படியே நின்றுவிட்டது. தாய்ப்பலகையில் நாணயம் போன்ற சிறு பற்றரி ஒன்று உண்டு. மின் இல்லாத வேளையிலும் நாளையும் நேரத்தையும், வன்தட்டைப் பற்றிய விபரங்களையும் நினைவில் வைத்திருக்கச் செய்வது அதுவே. அது செத்துப்போனால் கணினிக்கு இன்று எந்த நாள் என்பதும் மறந்துபோகும். தன் வன்தட்டு எத்தகையது என்பதும் சில பொறிகளுக்கு மறந்துபோகும். பற்றரியை மாற்றி, அமைப்புகளைத் திரும்பக் கொடுத்ததும் கணினி விழித்தது. முன்பு முறைப்படி நிறுத்தப்படாமையால் தட்டைத் தானே பரிசோதித்துக் கொண்டு, மெல்ல மெல்லத் தன் திரையை விரித்தது.

இந்தச் சிறு பற்றரியைக் கையில் எடுத்தபோது வேறொரு காலம் நினைவுக்கு வந்தது. 1990இல் போர் மீண்டும் மூண்ட பின்னர் குடாநாட்டின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் எரிபொருளும் சீமெந்தும் மாத்திரமா அடங்கின? ரோர்ச் லைற்றுக்குப் போடும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாகவே இருந்தது. தேசிய மின் வலையமைப்பிலிருந்து குடாநாடு துண்டிக்கப்பட்டது. ஜாம் போத்தலில் சிறிதளவு மண்ணெண்ணெயும் பஞ்சும் இட்டு எரித்த விளக்கின் கீழே ஒரு தலைமுறை மாணவர் படித்துப் பரீட்சை எழுதினர். சைக்கிளின் தைனமோவைச் சுற்றி வானொலி கேட்டனர். அச்சுத்தாள் கிடைக்காதபோது கொப்பித் தாளிலே பத்திரிகை அச்சிட்டனர். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இதே கண்டி வீதி வழியாக, அரியாலையையும் செம்மணியையும் கடந்து, நாவற்குழிப் பாலத்தில் நெருக்குண்டு தென்மராட்சிக்கு நடந்தனர். உலகம் விண்டோஸ் 95ஐக் கொண்டாடிக் கொண்டிருந்த ஆண்டு அது.

விண்டோஸ் 95இலும் 98இலும் ஒரு விசித்திரமான குறை இருந்தது. கணினி தொடங்கிய நேரத்திலிருந்து ஆயிரத்திலொரு செக்கன்களாக எண்ணிவரும் கணக்கு, 32 இருமக் கூறுகளுக்குள் அடங்க வேண்டியது. 4,294,967,296 வரை எண்ணியதும் அது நிரம்பிவிடும், ஏறத்தாழ 49.7 நாள் நிறுத்தாமல் ஓடிய கணினி அத்துடன் முடங்கிவிடும். 1999இல் இக்குறை வெளிப்பட்டு அதற்குத் திருத்தமும் வெளியிடப்பட்டது. அன்றைய யாழ்ப்பாணத்திலோ இக்குறையைக் கண்டுபிடிக்க எவராலும் முடிந்திருக்காது. ஐம்பது நாள் தொடர்ந்து மின்சாரம் கிடைத்தாலன்றோ கணினி அந்தக் குறைவரை ஓடும்! குறைகளைக் கண்டறியும் வாய்ப்புக்கூட வசதி படைத்தவனுக்கே வாய்க்கிறது என்பது வேடிக்கையான, ஆனால் கசப்பான உண்மை.

இனி ஆசிரியரின் எழுத்துக்கு வருவோம். கோப்பைத் திறந்தபோது தமிழ் என்ற சொல் இருக்கவேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகள் நின்றன. பக்கம் பக்கமாக இதே கோலம். கோப்பு பழுதாகிவிட்டதோ என்று கிழவர் கலங்கினார். பழுது ஒன்றுமில்லை. முன்பு கணினியைத் திருத்திய யாரோ முறைமையை அழித்து மீள நிறுவியபோது, ‘பாமினி’ என்னும் எழுத்துருவைத் திரும்பப் போடாமல் விட்டிருந்தனர். இலங்கைத் தமிழர் பெரிதும் கையாண்ட எழுத்துரு அது. அதனைத் தேடிப்பிடித்து நிறுவியதும் ஐந்து குறிகளும் ‘தமிழ்’ ஆயின. ஊரின் கதை மீண்டும் திரையில் எழுந்து நின்றது.

ஏன் இவ்வாறு நேர்ந்தது? கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதை மனிதர்கள் கூடித் தீர்மானிக்க வேண்டும். 1963இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆஸ்கி என்னும் நியமம் 128 இடங்களைக் கொண்டது; அது ஆங்கிலத்துக்காகவே பிறந்தது. பின்னர் அது 256 இடங்களாக விரிந்தபோதும் தமிழுக்கென்று அங்கே ஒரு கதிரை போடப்படவில்லை. 1981இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணினி மைக்ரோசொப்ட்டின் டொஸ் முறைமையோடு சந்தைக்கு வந்தது. அதன் மேல் விண்டோஸ் எழுந்தது. சந்தையில் கொள்வனவு செய்யும் வல்லமையுள்ள மொழிகளுக்கே அங்கு முதலிடம். ஆகவே தமிழர்கள் ஒரு தந்திரம் செய்தனர்: ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் உருவங்களை வரைந்து வைத்தனர். கணினி தான் ஆங்கிலம் எழுதுவதாகவே எண்ணிக் கொண்டிருக்க, கண்ணுக்குத் தமிழ் தெரிந்தது.

அத்தந்திரத்துக்குக் கொடுத்த விலையும் பெரிது. எழுத்துரு இல்லையேல் எழுத்தே இல்லை. ஒவ்வொருவர் செய்த எழுத்துருவும் ஒவ்வோர் ஒழுங்கைக் கொண்டிருந்ததால், கொழும்பில் எழுதியதைச் சென்னையில் படிக்க முடியவில்லை. ஆசிரியரின் கோப்பில் பிழை திருத்தத் தொடங்கியபோது இன்னொரு வேடிக்கையும் நிகழ்ந்தது. வாக்கியத்தின் தொடக்கத்தில் ‘தமிழ்’ என்று எழுதினால் அது ‘துமிழ்’ ஆயிற்று! சொற்செயலி, ஆங்கில இலக்கண விசுவாசத்தோடு, வாக்கியத்தின் முதலெழுத்தைப் பேரெழுத்தாக மாற்றிக் கொண்டிருந்தது. பாமினியில் சிறிய ஜே ‘த’. பெரிய ஜே ‘து’. அத்தானியங்கித் திருத்தத்தை நிறுத்தி வைத்த பின்னரே தமிழ் தமிழாக நின்றது. பிறருடைய மொழிக்கென்று சமைத்த வீட்டில் ஒண்டிக் குடியிருப்பவனின் நிலை இதுதான்.

பாமினியின் விசை ஒழுங்கு இலங்கையில் வழங்கிய தமிழ்த் தட்டச்சுப் பொறியைத் தழுவியது. தமிழ்த் தட்டச்சின் முன்னோடியெனப் போற்றப்படும் இரா. முத்தையா, அரியாலைக்கு அயலிலுள்ள சுண்டிக்குளியில் 1886இல் பிறந்தவர். மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்புத் தேடிச் சென்றவர். அலுவலக ஊழியராக இருந்துகொண்டே, நூற்றுக்கணக்கான தமிழ் எழுத்து வடிவங்களை ஒரு சிறு பொறியின் விசைகளுக்குள் அடக்க வழி கண்டார். அவருடைய பொறியை வார்த்துக் கொடுத்தது ஜேர்மனியத் தொழிற்சாலை. தமிழைப் பொருத்தியது சுண்டிக்குளிக்காரரின் மூளை. அப்பொறியில் அடித்த தாளை நூறாண்டு கழித்தும் கண்ணுள்ள எவரும் படிக்கலாம். எந்த நிறுவனத்தின் ஆதரவும் அதற்கு வேண்டியதில்லை. அவருக்குப் பின் பல தலைமுறை கழித்துக் கணினியில் எழுதிய நம் ஆசிரியரின் எழுத்தோ இருபது ஆண்டுக்குள்ளேயே புதிராகிவிட்டது.

இந்நிலையிலிருந்து மீளத் தமிழர் முயலாமல் இல்லை. 1997இல் சிங்கப்பூரிலும் 1999 பெப்ரவரியில் சென்னையிலும் நடந்த தமிழிணைய மாநாடுகள் பொது ஒழுங்கு ஒன்றைத் தேடின. 1999 மாநாட்டின் பயனாகத் தமிழ்நாட்டு அரசு விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் நியமங்களை அறிவித்தது. இதற்கிடையில், உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறி 1991இலேயே பிறந்து, அதில் தமிழுக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனால் அதைச் சரிவரக் காட்டும் ஆற்றல் விண்டோஸ் 2000 முறைமையிலிருந்தே கிடைத்தது. விண்டோஸ் 98இல் அது இல்லை. புதிய கணினி வாங்க முடிந்தவன் ஒருங்குறிக்கு மாறினான். முடியாதவன் பழைய எழுத்துருவோடு நின்றான். 2002 சனவரியில் தடை தளர்ந்து, ஏப்பிரலில் ஏ-9 பாதை திறந்த பின்னரே குடாநாட்டுக்குள் பொருள்கள் தாராளமாக வரத் தொடங்கின. அந்தப் பாதையும் 2006 ஓகஸ்டில் மீண்டும் அடைபட்டது. தேசிய மின் வலையமைப்போடு யாழ்ப்பாணம் மறுபடி இணைந்தது 2013இலேதான். அரியாலை ஆசிரியர் பழைய பொறியைக் கட்டிக்கொண்டு அழுதார் என்றால், அது அவருடைய பழமைப் பற்றினால் அன்று என்பது இப்போது விளங்கும்.

எழுத்தை வெளியே எடுப்பதும் எளிதாயிருக்கவில்லை. பென் ட்ரைவைச் செருகினால் விண்டோஸ் 98 அதனை அறியாது. ஒவ்வொன்றுக்கும் உரிய செலுத்தி மென்பொருளைத் தனியே நிறுவ வேண்டும். நெகிழ்வட்டோ பூஞ்சணம் பிடித்திருந்தது. முடிவில் வன்தட்டைக் கழற்றி, இணைப்புக் கருவி மூலம் வேறொரு கணினியில் பொருத்திப் பிரதி எடுத்தோம். பிறகு எழுத்துரு மாற்றி ஒன்றினால் ஒருங்குறிக்கு மாற்றினோம். பாமினியில் ‘கெ’ என்பதற்குக் கொம்பை முதலில் எழுத வேண்டும். ஒருங்குறியில் ககரம் முதலில், கொம்பு பின்னர். இந்த முன்பின் மாற்றத்தைச் செய்வது கருவி. அது தவறவிட்ட இடங்களைப் பிடிப்பது மனிதக் கண். ஆசிரியர் ஒவ்வொரு பக்கத்தையும் வாய்விட்டு வாசிக்க, நான் திருத்தினேன். நான்கு மாலைப்பொழுதுகள் கழிந்தன.

இத்தகைய மாற்றிகளை யார் செய்தார்கள்? இலாபம் கருதிய நிறுவனங்களா? புலம்பெயர்ந்த நாடுகளில் வேலை முடிந்த இரவுகளில் உறக்கத்தை விட்டு உழைத்த தமிழ் இளைஞர்கள் பலர் அவற்றைச் செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், ஈழத்து எழுத்துகளைத் தொகுக்க 2005இல் தொடங்கிய நூலகத் திட்டமும் தொண்டர்களின் உழைப்பிலே எழுந்தவை. உலகளவிலும் இதே கதைதான். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டமும், 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும், மென்பொருளின் மூலநிரல் எல்லோர் கண்ணுக்கும் திறந்திருக்கவேண்டும் என்ற கொள்கையில் வளர்ந்தன. மூலநிரல் மூடிய பண்டத்தை அதன் உடைமையாளன் கைவிட்டால் அது அநாதை. திறந்த பண்டத்தை ஒருவன் கைவிட்டாலும் இன்னொருவன் எடுத்து வளர்க்கலாம். மைக்ரோசொப்ட் தமிழுக்குச் செய்ததை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் விண்டோஸ் 98ஐ 2006இலும், எக்ஸ்.பி.யை 2014 ஏப்பிரலிலும் கைவிடும் முடிவை எடுத்தபோது அரியாலையைப் பற்றி அங்கு யாரும் நினைத்திருக்க மாட்டார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

1981ஆம் ஆண்டு யூன் மாதம் பிறந்த இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அந்நெருப்பை ஊர் முழுதும் பார்த்தது, உலகம் கேட்டது. ஆனால் பழைய வன்தட்டில் எழுத்து அழியும்போது புகை எழுவதில்லை, ஒருவரும் ஓடிவருவதில்லை. 2025இல் அரியாலை செம்மணிச் சித்துப்பாத்தி மயானத்தில் மண்ணை அகழ்ந்தபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. பிள்ளைகளின் எலும்புகளும் அவற்றுள் இருந்தன. யார், எப்போது, எவ்வாறு என்ற கேள்விகளுக்கு மண் மட்டும் விடை சொல்லிவிடாது. மக்கள் எழுதி வைத்த பெயர்களும் நாள்களும் வேண்டும். அந்த எழுத்து எந்தத் தட்டில், எந்த எழுத்துருவில், யார் வீட்டுப் பரணில் கிடக்கிறதோ!

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவத் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளிக்கூடத்திலும் வாசிகசாலையிலும் சனசமூக நிலையத்திலும் பழைய கணினி இருந்தால் அதனை இரும்புக் கடைக்குப் போடுமுன் அதனுள் இருப்பதைப் பாருங்கள். முறைமையை அழித்து மீள நிறுவுமுன் கோப்புகளையும் எழுத்துருக்களையும் பிரதி எடுங்கள். ஒரு பிரதி போதாது, இரண்டு வேறிடங்களில் இருக்கட்டும். ஒருங்குறிக்கு மாற்றி, எழுதியவர் உயிரோடிருக்கும்போதே அவரை அருகில் வைத்துச் சரிபாருங்கள். முக்கியமானதைத் தாளிலும் அச்சிட்டு வையுங்கள்.

நான்காம் நாள் மாலை, அச்சிட்ட தாள்களைக் கையில் வாங்கிய ஆசிரியர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு முதற்பக்கத்தில் ஒரு பெயரின் மேல் பென்சிலால் கோடிட்டு, “இதிலை ஒரு எழுத்துப் பிழை தம்பி” என்றார். திருத்தினோம்.