மிதக்கிறதா, அலைகிறதா?

ஆடித்தபசு நெருங்கினால் சங்கரன்கோவிலில் கூட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் காற்றைப் பற்றித்தான் பேசுவார்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழைகிற மேல்காற்று அது. மழையை மலைக்கு அந்தப் பக்கமே இறக்கிவிட்டு வெறுங்கையோடு நம் பக்கம் வரும். மாடியில் துணி காயப்போட்டால் அடுத்த தெருவில் போய்ப் பொறுக்க வேண்டும். அம்மியையே பறக்கவைக்கும் என்று பழமொழியில் பெயர் வாங்கிய காற்று.

இந்தத் தென்மேற்குப் பருவக்காற்று அதே மாதங்களில் குமரிமுனைக் கடலில் வேறொரு வேலை பார்க்கிறது. மேல்நீரைக் கரையை விட்டு விலக்கித் தள்ளுகிறது. காலியான இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த நீர் ஏறி வருகிறது. அடிநீரில் நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் என்று உரம் கிடக்கிறது. உரம் மேலே வந்து வெயிலைச் சந்தித்ததும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெள்ளாமை கடலில் விளைகிறது. அதை மேயத்தான் சாளை மீன் கூட்டம் கூட்டமாக வருகிறது.

அந்த வெள்ளாமைக்குப் பள்ளிப் பாடநூல் வைத்திருக்கும் பெயர் ‘தாவர மிதவை உயிரி’. ஆங்கிலத்தில் பைட்டோபிளாங்டன். பைட்டோன் என்ற கிரேக்கச் சொல்லுக்குச் செடி என்று பொருள். அதைத் ‘தாவரம்’ ஆக்கியதில் குறையில்லை. என் சந்தேகமெல்லாம் ‘மிதவை’ மேல்தான்.

பிளாங்டன் என்ற பெயரைச் சூட்டியவர் விக்டர் ஹென்சன். பால்டிக் கடலோரத்துக் கீல் நகரில் உடலியல் பேராசிரியர். 1887-இல் அந்தச் சொல்லை அச்சேற்றினார். கடலில் எவ்வளவு மீன் இருக்கும் என்று கணக்கிட வேண்டுமானால் முதலில் மீனுக்கு எவ்வளவு தீவனம் இருக்கிறது என்று எண்ண வேண்டும் என்பது அவர் கட்சி. மாவு சலிக்கும் பட்டுத்துணியில் வலை தைத்துக் கடல்நீரை வடிகட்டி, ஒவ்வொன்றாக எண்ணிய மனிதர். 1889-இல் ‘நாசனல்’ என்ற கப்பலில் அட்லாண்டிக்கைச் சுற்றி எண்ணிக்கொண்டு வந்தார்.

அவருக்கு முன்பும் இதற்கு ஜெர்மன் மொழியில் ஒரு பெயர் இருந்தது: ‘ஆவுஃப்ட்ரீப்’. மேல்நோக்கிய உந்தல், மிதப்பு என்று பொருள்படும். யோகான்னஸ் முல்லர் காலத்து ஆய்வாளர்கள் வலையில் சிக்கியதை அப்படித்தான் அழைத்தார்கள். ஹென்சனுக்கு அது ஒத்துவரவில்லை. மேலே இருப்பதோ ஆழத்தில் இருப்பதோ, நீரோடு அடித்துச் செல்லப்படுவது எல்லாம் இதில் சேரவேண்டும் என்றார். அதற்காக அவர் எடுத்த கிரேக்கச் சொல் ‘பிளாங்தோஸ்’: போகும் போக்கு தன் கையில் இல்லாமல் அலைக்கழிக்கப்படுவது. டிராய் போருக்குப் பின் ஊர் திரும்ப முடியாமல் கடலில் திரிந்த ஒடிசியசுக்கு, ஹோமர் தன் காவியத்தின் தொடக்கத்தில் போடும் வினையும் இதே வேரில் பிறந்ததுதான்.

ஆக, ஹென்சன் வேண்டாம் என்று தள்ளிய மிதப்பைத்தான் நாம் மிதவை என்று திரும்ப எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறோம். இந்திக்காரர்களும் தப்பவில்லை. அவர்கள் சொல் ‘பிலவக்’. நம் அறுபது வருடப் பட்டியலில் உள்ள ‘பிலவ’ ஆண்டின் வேர்தான்: மிதத்தல், நீந்துதல்.

சொல்லில் இந்த வித்தியாசம் எதற்கு என்று கேட்கலாம். குளிர்நாட்டுக் கடலைப் பார்த்தால் விளங்கும். கீல் நகரத்துக் கடலோ வடகடலோ, ஆழம் குறைந்த கண்டத்திட்டுக் கடல்கள். குளிர்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கனமாகிக் கீழே இறங்குகிறது, புயல் கலக்குகிறது, அடியில் கிடந்த உரமெல்லாம் மேலே வந்துவிடுகிறது. ஆனால் அந்த நேரத்தில் வெயில் இல்லை. இருக்கிற கொஞ்ச வெளிச்சத்திலும் நுண்பாசி நிலைத்து நிற்க முடியாது. கலங்கும் நீர் அதை இருட்டுக்கு இழுத்துப் போய்விடும். வசந்தத்தில் சூரியன் ஏறி, மேல்நீர் லேசாகச் சூடாகி, ஒரு அடுக்காக அமைந்து நின்றதும்தான் கதை மாறுகிறது. இறங்கிப் போகாமல் வெளிச்சத்திலேயே தங்கமுடிகிறது. சில வாரங்களில் கடல் நிறம் மாறும் அளவுக்குப் பெருகிவிடும். கோடையில் மேலடுக்கின் உரம் தீர்ந்துவிட, அறுவடை முடிந்த வயலாகிவிடும். எந்த ஆழம் வரை நீர் கலங்கினால் பாசி பிழைக்கும் என்ற கணக்கை 1953-இல் நார்வேக்காரர் ஸ்வேர்த்ரூப் எழுதினார்.

நம் கடலில் சிக்கல் நேர்மாறு. வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. சூடான மேல்நீர் பானைக்கு மூடி போட்டதுபோல் உட்கார்ந்திருக்கிறது, உரம் அடியிலேயே கிடக்கிறது. அந்த மூடியைத் திறக்க ஆடிக்காற்று வேண்டும். அங்கே கடல் அடங்கினால் விளைச்சல், இங்கே கடல் கலங்கினால் விளைச்சல். இரண்டிலும் அந்த உயிரி மிதக்கிறதா என்பது பெரிய செய்தி அல்ல. நீர் அதை எங்கே கொண்டுபோகிறது என்பதுதான் வாழ்வும் சாவும். ஹென்சன் அதற்குத்தான் பெயர் வைத்தார்.

இதற்கு நாம் மொழிபெயர்க்காமல் நாமாகவே வைத்த பெயர் ஒன்று இருக்கிறது: பாசி. எங்கள் ஊர்க் கோயிலின் நாகசுனைப் படியில் இறங்கும் பிள்ளையை ‘பாசி வழுக்கும், பாத்துல’ என்று எச்சரிக்கும்போது நாம் சொல்வது. பசுமையின் ‘பசு’தான் வேர். பச்சை, பாசிப்பயறு, பசலைக்கீரை எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். கோர்த்துப் போடும் பாசிமணியும் பச்சை மணியாகத்தான் தொடங்கியிருக்கும். இப்போது ‘சிவப்புப் பாசி’ என்று கேட்டு வாங்குகிறோம், யாருக்கும் முரணாகப் படுவதில்லை. பிரிவில் மேனியில் படரும் பசலையும் அதே குடும்பம். குறுந்தொகை 399-ஆம் பாட்டில் பரணர் ஊர்க் கேணிப் பாசியையும் பசலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்: தொட்டால் விலகும், விட்டால் மறுபடி மூடும். உவமை அழகு ஒருபுறம் இருக்கட்டும், இரண்டு சொல்லும் உடன்பிறப்பு என்பதை அவர் காது அறிந்திருக்கிறது.

மன்னார் வளைகுடாக் கரையில் பாசிக்கு வகைப் பெயர்கள் பல. அகர் எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, உருவத்தைப் பார்த்து வைத்த பக்கோடாப் பாசி. குளிர்பான நிறுவனம் ஒன்று வளர்க்கச் சொல்லிக் கொண்டுவந்த கப்பாபைக்கஸ் இனத்துக்குப் ‘பெப்சிப் பாசி’ என்றே பேர் விழுந்துவிட்டது. லத்தீனில் பெயரிடுபவர்கள் இந்த வேகத்தைக் கனவிலும் எட்டமாட்டார்கள். சர்காசம் என்ற பெரும்பாசி ‘கட்டக்கோரை’. நமக்குக் கோரை என்றால் பத்தமடைப் பாய். அந்தக் கரைக்காரர்களுக்குக் கடலடிப் புல்.

2019 செப்டம்பரில் பாம்பன், மண்டபம் பக்கம் கடல் பச்சையாக மாறி மீன்கள் செத்து ஒதுங்கியபோது, செய்தித்தாள்களில் ‘பூங்கோரை’ என்ற பெயர் வந்தது. கட்டக்கோரைக்குத் தங்கை மாதிரி இருக்கிறது. வேர் பிடிக்காமல் நீரில் பூத்துப் படர்வதால் ‘பூ’ சேர்ந்திருக்கும் என்பது என் ஊகம். ஆய்வாளர் அதை நாக்டிலூகா என்பார்கள். லத்தீனில் இரவு விளக்கு. அதற்கு முந்தைய மாதம்தான் சென்னைக் கடற்கரையில் அலை நீலமாக ஒளிர்கிறது என்று ஜனம் நள்ளிரவில் திரண்டது. அதுவும் நாக்டிலூகாதான். கேரளத்தில் அந்த ஒளிக்குக் ‘கவரு’ என்று பெயர். இத்தனைக்கும் நாக்டிலூகா செடியே இல்லை, பிறவற்றைத் தின்னும் ஓரணு உயிரி. பச்சை நிறம், அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசியுடையது. ‘தாவரம்’ என்ற முன்னொட்டு இங்கே தடுக்கி விழுகிறது, ‘கோரை’யும்தான். ஆனால் கோரை நிறத்தைச் சொல்லி விழுகிறது, மன்னிக்கலாம்.

நிறம் சாதாரணமில்லை. 1999 மே மாதம் இந்தியா ஏவிய ஓசன்சாட் துணைக்கோளின் ஒரு கருவி கடலில் பார்த்ததே நிறத்தைத்தான். பச்சையம் எங்கே கூடியிருக்கிறது என்று விண்ணிலிருந்து அளந்து, மீன் கூடும் இடத்தை மீனவருக்குச் சொல்ல ஹைதராபாத்தில் ஒரு மையமே இயங்குகிறது. அந்தக் கருவி தேடியது மிதவையை அல்ல, பாசியின் பசுமையை.

பெயர்க் கதையில் இன்னொரு இந்தியச் சொல்லும் உண்டு. 2009-இல் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்பிரட் வேகனர் நிறுவனமும் தென்முனைக் குளிர்கடலில் முந்நூறு சதுர கிலோமீட்டரில் இரும்புச் சத்தைக் கரைத்துப் பாசி வளர்த்துப் பார்த்தார்கள். பெயர் ‘லோஹாஃபெக்ஸ்’. ‘லோஹா’ இந்தியில் இரும்பு. பாசி வளர்ந்தது, ஆனால் டயாட்டம் வளரவில்லை. சிமிழும் மூடியும் போல இரண்டு பாதியாகச் சிலிக்கா ஓடு கட்டிக்கொள்வது டயாட்டம், ‘இரண்டாய் வெட்டியது’ என்பதே அதன் கிரேக்கப் பொருள். ஓடு கட்ட அந்த நீரில் சிலிக்கேட் போதவில்லை. வளர்ந்த மற்றவற்றைக் கோப்பிபோடு என்ற நுண் ஓட்டுடலிகள் மேய்ந்து தீர்த்தன.

‘மிதவை’க்குப் பதில் என்ன என்று யோசித்தால் விடை காலடியிலேயே கிடக்கிறது. அலை. கடலில் எழுவதும் அலை, போக்கிடம் தெரியாமல் திரிவதும் அலைவது. ‘வேகாத வெயில்ல ஏம்ல இப்படி அலையுத’ என்று எங்கள் ஊரில் திட்டும் அதே சொல். கிரேக்கத்துக்குப் போன ஹென்சனுக்குக்கூட இவ்வளவு வாகாக ஒரு வேர் கிடைக்கவில்லை. ‘அலையுயிரி’ என்று எழுதிப் பார்த்தேன், எனக்குப் பிடித்திருக்கிறது. பாம்பன் கரையில் யாரும் அப்படிச் சொல்லப்போவதில்லை. அவர்களுக்குப் பூங்கோரை இருக்கிறது.