கோர்கி 261: ஜேம்ஸ் பாண்ட் கார்

கோர்கி 261 என்பது, 1964இல் வெளிவந்த ‘கோல்டுஃபிங்கர்’ திரைப்படத்தில் ஜேம்ஸ் பாண்ட் ஓட்டிய ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 காரின் உலோகச் சிற்றுரு ஆகும். இது 1965 அக்டோபரில் பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்தது. இதைத் தயாரித்த மெட்டாய் நிறுவனம், நாட்சி ஆட்சியிலிருந்து தப்பி வந்த ஜெர்மானிய யூதரான பிலிப் உல்மன் 1933இல் நார்தாம்ப்டனில் தொடங்கியது. ‘கோர்கி’ வணிகப்பெயர் 1956இல் அறிமுகமானது. கார்கள் வேல்சின் சுவான்சி ஆலையில் உருவாயின.

படம் வெளியாகி ஓராண்டு கடந்துவிட்டதால் அவசரம் இருந்தது. புதிய அச்சு செய்யாமல், ஏற்கெனவே இருந்த டிபி4 காரின் அச்சையே மாற்றியமைத்தனர். உருகிய துத்தநாகக் கலவையை எஃகு அச்சுக்குள் அழுத்தத்துடன் செலுத்தி உடற்பகுதி வார்க்கப்பட்டது. அதன் சிறிய உட்புறத்தில் விற்சுருள்களும் நெம்புகோல்களும் பொருத்தப்பட்டன. பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால் கூரை திறந்து, இருக்கையில் உள்ள வில்லன் வெளியே பறப்பான். மற்றொன்றை அழுத்தினால் முன்புறத் துப்பாக்கிகள் நீளும். புகைபோக்கியை அழுத்தினால் பின்னால் குண்டுதுளைக்காத தகடு எழும். வில்லன் தொலைந்துபோவான் என்பதை அறிந்தே பெட்டிக்குள் இன்னொரு வில்லனையும் வைத்தனர்!

நிறத்தில் மட்டும் இது அசலோடு ஒத்துப்போகவில்லை. படத்தில் கார் வெள்ளி நிறம், பொம்மையோ பொன்னிறம். வெள்ளிப்பூச்சு, வண்ணம் பூசாத வெற்று உலோகம்போல் தோன்றும் என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். அந்தக் கிறிஸ்துமசில் கடைகளால் தேவையை ஈடுகட்ட முடியவில்லை. வெள்ளி நிறப் பதிப்பு 270 என்ற எண்ணில் 1968இல்தான் வந்தது. அதில் சுழலும் எண்பலகையும் சேர்ந்தது.

மெட்டாய் 1983இல் நொடித்துப்போனது. 261இன் பழைய பிரதிகளைச் சேகரிப்போர், வண்ணத்துக்கு அடுத்தபடியாக அந்த இரண்டாவது வில்லன் பெட்டியில் இருக்கிறானா என்றே பார்க்கின்றனர்.